லேப்டாப்பில் விழுந்த பாக்கு

கடைக்காரர் புரியாத ஒன்றைச் சொல்லும்போது "அப்படீன்னா என்னங்க?" என்று கேட்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். "தெரியுமுங்க" என்று தலையாட்டுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நான் பிறவியிலேயே தலையாட்டும் கட்சி.

தொண்ணூறுகளின் கடைசி. கோயமுத்தூர் கணபதியில் அப்பாவுக்கு பம்பு மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை. நான் காலேஜ் முடித்து, கூடவே ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தேன். (கோர்ஸில் பாதி நாள் கரண்ட் இருக்காது. மீதி நாள் சார் இருக்கமாட்டார்.) அந்த ஞானத்தை நம்பி, கம்ப்யூட்டர் கேம் செய்யும் ஆளாகப் போவதாக வீட்டில் அறிவித்துவிட்டேன். அதற்கு பெங்களூரில் ஒரு பயிற்சி இருந்தது.

"வெளையாடறதுக்கு எதுக்குங் கண்ணு பெங்களூர் போகோணும்? இங்கயே வாசல்ல வெளையாடு" என்றாள் அம்மா.

அதே வாரம், மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்யும் பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கொடுமுடிப் பக்கம் ஒரு நல்ல வரன் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்து இறங்கினார். வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"அம்மணி ஒரு கேம் செஞ்சு எல்லார்த்துக்கும் காட்டட்டும். நல்லா இருந்துச்சுன்னா பெங்களூர். இல்லீன்னா கொடுமுடி."

கேம் செய்யப் பவர்ஃபுல் லேப்டாப் வேண்டும் என்றேன். பெங்களூருக்குத் தூக்கிப் போக வசதி என்று காரணமும் சொன்னேன். உண்மையில் அதுவரை நான் லேப்டாப்பைத் தொட்டதுகூட இல்லை. ஒரு விளம்பரத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் விமானத்தில் மடிமேல் வைத்திருந்தார், அவ்வளவுதான் பழக்கம்.

பவர் என்ற சொல்லுக்கு அப்பாவின் அகராதியில் ஒரே பொருள்தான். "எத்தன ஹெச்.பி. வேணும் கண்ணு?" என்று கேட்டார்.

காந்திபுரத்தில் மாடிமேல் ஒரு கடை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய லேப்டாப்புகளை விற்றார்கள். டை கட்டிய விற்பனையாளர் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்து, ஒன்றைத் தட்டிக்கொடுத்தார்.

"இது எரநூத்தி முப்பத்திமூணு மெகா ஹெர்ட்ஸுங்க சார்."

அப்பா ஓரடி பின்வாங்கினார். "நம்மூட்டுக் கரண்டே அம்பது ஹெர்ட்ஸுதானுங்க. அதுல அஞ்சு ஹெச்.பி. மோட்டாரே ஓடுது. மடியில வெக்கற சாமானத்துக்கு எதுக்குங்க இத்தன?"

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். "அது வேற ஹெர்ட்ஸுங்கப்பா" என்றேன். (எப்படி வேறு என்று அப்பா கேட்காதது நான் செய்த புண்ணியம்.)

"செரி, லோ வோல்டேஜ்ல எடுக்குமுங்களா?"

"கரண்டே இல்லீன்னாலும் கொஞ்ச நேரம் ஓடுமுங்க. பேட்டரி இருக்குது."

அப்பா அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து, மோட்டாரைப் பார்ப்பதுபோல் சூடு பார்த்தார். முகத்தில் மரியாதை வந்துவிட்டது.

இரண்டாவது லேப்டாப்பில் எல்லா எண்களும் குறைவு. எனவே அது வேண்டாம் என்று நொடியில் முடிவு செய்தேன். விற்பனையாளர் கொஞ்சம் தயங்கினார்.

"கேமுக்குன்னா ஒண்ணு யோசிச்சுக்குங்க மேடம். அது டி.எஃப்.டி. ஸ்கிரீன். இது டூயல் ஸ்கேன். வித்தியாசம் தெரியுமில்லீங்களா?"

டூயல் என்றால் இரண்டு. ஒன்றைவிட இரண்டு பெரிது. இதுகூடவா தெரியாது? "தெரியுமுங்க. டூயலே குடுங்க" என்றேன்.

திரையில் ஓர் அருவியின் படம் இருந்தது. நான் நேர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ரசித்தேன். பக்கத்தில் நின்ற அப்பா எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எப்படி இருக்குதுங்கப்பா?"

"உனக்குத் தெரிஞ்சாச் செரி கண்ணு."

மாமாவின் மனதைக் குளிரவைக்க அவர் தொழிலையே கேம் ஆக்கினேன். மரத்திலிருந்து பாக்கு விழும். கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தேன். மரத்தில் இருக்கும்வரை பாக்கு இருந்தது. விழத் தொடங்கியதும் காணாமல் போனது. தரையைத் தொட்டபின் மறுபடி வந்தது. நடுவில் எங்கே போய்விட்டு வருகிறது என்றே புரியவில்லை.

என் புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்தேன். அழித்து எழுதினேன். பாக்கின் நிறத்தை மாற்றினேன். பெரிதாக்கினேன். பாக்கு எலுமிச்சையாகி, தேங்காயாகி, பலாக்காயாகி, அப்போதும் விழும்போது சாம்பல் நிறத்தில் இழுபட்டு மறைந்தது. மிக மெதுவாக விழவைத்தால் மட்டும் தெரிந்தது. சரி, மெதுவாகவே விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, அத்தை, அன்னூர்ச் சொந்தங்கள், அக்கம்பக்கத்தார் என்று கூடம் நிறைந்தது. கூடத்தின் ஒரு கோடியில், தரையில் போட்ட பலகைமேல் லேப்டாப். எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை உலகம் அறிந்தது. முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்று எல்லோரும் இரண்டு பக்கச் சுவரோரமும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஈ காக்கை இல்லை. நானும் மறைக்காமல் ஓரமாக நின்று, கூட்டத்தைப் பார்த்தபடியே பட்டனை அமுக்கினேன்.

எல்லோரும் கழுத்தை நீட்டித் திரையையே பார்த்தார்கள்.

"செரி, ஆரம்பி அம்மணி" என்றார் மாமா.

"ஓடிட்டுத்தான் இருக்குதுங் மாமா."

"எங்க?"

"எனக்கு என்னமோ ஃபிலிம் நெகட்டிவாட்டத் தெரியுதுங்க" என்றாள் அத்தை.

நின்ற இடத்திலிருந்தே குனிந்து பார்த்தேன். திரை முழுக்க நீலமும் கறுப்பும் கலந்த இருட்டு. மரம் இல்லை, கூடை இல்லை, என் பெங்களூரும் இல்லை. ஓடி எதிரே போனேன். எல்லாம் இருந்தது. பக்கத்துக்கு வந்தேன். போய்விட்டது. மறுபடி எதிரே. மறுபடி பக்கம். கூட்டத்தின் தலைகள் என்னோடு சேர்ந்து அங்கும் இங்கும் திரும்பின.

"ஓ, அம்மணி ஓடறதுதான் கேமாட்டருக்குது" என்றாள் அத்தை.

அப்போது காபித் தட்டுடன் வந்த அம்மா கூடத்தின் நடுவில் நின்றாள். "அட, பாக்கு மரம்! கூடைகூட இருக்குதே!"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு அம்மாவைப் பார்த்தார்கள்.

"புள்ளைக்காகப் பொய் சொல்லாத" என்றார் மாமா.

அம்மாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நான் எதுக்குங்ண்ணா பொய் சொல்றேன்?" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இதென்ன கண்ணு, பாக்கு பஞ்சாட்டம் வருது? சீக்கிரம் உளுகச் சொல்லு."

பதற்றத்தில் வேகத்தைக் கூட்டிவிட்டேன். பாக்கு மறைந்தது.

"இப்பக் காணமே" என்ற அம்மா ஒரு கணம் யோசித்தாள். "ஓ! கண்ணுக்குத் தெரியாம உளுகும். எங்க உளுகும்னு நாமளாப் பாத்துப் புடிக்கோணும். அதுதான வெளையாட்டு?"

நான் தலையாட்டினேன்.

அம்மா மரத்தை ஒரு பார்வை பார்த்து, கூடையை நகர்த்தினாள். பாக்கு கூடைக்குள் முளைத்தது. இன்னொன்று. இன்னுமொன்று. வாய்விட்டுச் சிரித்தாள். பொறுக்க முடியாத மாமா, "சித்த அக்கட்ட நகரு" என்று அவளைத் தள்ளி உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றுகூட மாட்டவில்லை.

"காலம் பூரா பாக்கு ஏவாரம் பண்றன், எனக்கே தண்ணி காட்டுதே!"

அதன்பின் நடுவில் உட்காரச் சண்டை. காபி ஆறிப்போனது. கொடுமுடி வரனைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமா கிளம்பும்போது, "அம்மணிய அனுப்பு. ஆனா அங்க போயாவது எல்லார்த்துக்கும் தெரியறாப்புல ஒண்ணு செய்யச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பா மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கடையிலயே எனக்கு ஒண்ணும் தெரியல கண்ணு. நீ படிச்ச புள்ள. எங்கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சுப்போட்டேன். நேத்துப் போயி கண்ணாடி மாத்தீட்டு வந்தேன்."

பெங்களூரில் ஒரு நல்ல கம்ப்யூட்டரில் அந்தக் கேமை ஓட்டினேன். பாக்கு பளிச்சென்று, உருண்டையாக, நேராக விழுந்தது. என் புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை. டூயல் ஸ்கேன் திரையில் வேகமாக நகர்வது மறைந்துபோகும், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆனால் கேம் சப்பென்று இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற பாக்கைப் பிடிப்பதில் என்ன இருக்கிறது? அங்கிருந்த யாரும் இரண்டாவது தடவை ஆடவில்லை. இன்றுவரை நான் செய்ததிலேயே வெற்றிகரமான கேம், பாக்கே தெரியாத அந்தக் கேம்தான்.

சில வருடம் கழித்து, நானே விரும்பிச் சொன்ன மாப்பிள்ளை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடம் மறுபடி நிறைந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமா, மாப்பிள்ளையைத் தலை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து அவருக்கு நேர் எதிரே நடுக்கூடத்தில் போட்டு உட்கார்ந்து, சத்தமாக அறிவித்தார்:

"இங்கிருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கறாப்ல!"

எங்கள் பக்கம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் பக்கம் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை மட்டும் தன் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் என் கணவர் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்தால், ஓரமாக உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் எழுந்து நடுவில் வந்து நிற்கிறார்கள்.