டைரக்டருக்குப் பிறந்தநாள், எனக்கு அடுக்களை

இந்த வருடம் பழைய சினிமாக்காரர் ஒருவரின் பிறந்தநாளைக்கூட விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். நடிகரோ, நடிகையோ, டைரக்டரோ, கறுப்பு வெள்ளைக் காலத்து ஆளாக இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கேக் வெட்டிவிடுவோம். கூடத்துச் சுவரில் வெள்ளைப் போர்வை, எதிரே புரொஜக்டர், நட்டநடுவில் என் சாய்வு நாற்காலி. படத்துக்கு முன்னால் நான் பேசுவேன். படம் முடிந்ததும் பேசுவேன். நடுவில் வாயை மூடிக்கொண்டிருப்பது கலைக்கு நான் செய்யும் தியாகம்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடி வாங்க வந்தவர்களையெல்லாம் படம் பார்க்கவும் அழைத்துவிடுவேன். கூடம் நிரம்பிவிடும். அத்தனை பேருக்கும் டீ, கேக், பிஸ்கட் எல்லாம் என் மனைவி பொறுப்பு. "அவளுக்கு சினிமாவில் ஈடுபாடே கிடையாது" என்று வருகிறவர்களிடம் வருத்தத்தோடு சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் மாடி வீட்டுத் தையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

"என்னங்க, வர்ற ஞாயிறு யாருக்குப் பிறந்தநாள்னு ஞாபகம் இருக்கில்ல?"

"யாருக்கு?"

"நீங்களே இப்படிக் கேக்கலாமா? அந்தப் பழைய டைரக்டர். மழையில நனைஞ்சுக்கிட்டே படம் எடுப்பாரே!"

தையல்காரர் என்னையே பார்த்தார். எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே!

"ஓ, அவரா! மேதையாச்சே!"

"பேரு என்ன சார்?" என்றார் தையல்காரர்.

"பேர்ல என்னய்யா இருக்கு? படத்தைப் பத்திக் கேளும்!"

"அவர் படப் பிரதியெல்லாம் தீயில போயிடுச்சாமே?" என்றாள் மனைவி.

"அதை ஏன் கேக்கிறே! அந்தத் தீயை நினைச்சா எனக்கு இன்னும் நெஞ்சு எரியுது."

"ஷூட்டிங்ல எல்லாருக்கும் அவரே டீ போட்டுக் கொடுப்பாராம். அதனால அவர் பிறந்தநாள்ல வீட்டு ஆம்பிளைதான் அடுக்களையில நிக்கணுமாம். நிஜமாங்க?"

"பின்னே? உண்மையான ரசிகனுக்கு அதுதானே அடையாளம்!" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்பது என் காதுக்கே எட்டியது. தையல்காரர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

ஞாயிறன்று நான் அடுக்களையில். அவள் என் சாய்வு நாற்காலியில். மேதையின் படங்கள்தான் தீக்கு இரையாகிவிட்டனவே, அதனால் எனக்கு உயிரான ஒரு படத்தைப் போட்டுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கதாநாயகன் வசனம் பேசுகிறான். இந்தப் பக்கம் சர்க்கரை எந்த டப்பாவில் என்று தெரியாமல் நான் முழிக்கிறேன். கூடம் குலுங்கிச் சிரித்தது. எட்டிப் பார்க்கத் திரும்பினேன். பால் பொங்கிவிட்டது. துடைத்தேன். அங்கே யாரோ விம்மினார்கள். திரும்பினேன். மறுபடியும் பொங்கிவிட்டது. பாலுக்கு அப்படி என்ன பொறாமையோ!

டீ தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தேன். கிளைமாக்ஸ். மனைவி முன்னால் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். சிரிப்பும் இருந்தது.

"இந்தப் பொண்ணு குரலை எத்தனை தடவை கேட்டிருக்கேன்!" என்று மெதுவாகச் சொன்னாள். "ஓங்குதாங்கா இருப்பான்னு நினைச்சேன். பாருங்களேன், எவ்ளோ சின்ன முகம்!"

அப்படியானால் என் படங்கள் அனைத்தையும் இவள் அடுக்களைச் சுவர் வழியாகக் காதால்தான் பார்த்திருக்கிறாள்! ஊர்க் கண்ணையெல்லாம் சோதிப்பவன் நான். தையல்காரரிடம் தட்டைக் கொடுத்துவிட்டு அவள் காலருகே தரையில் உட்கார்ந்தேன். அவள் குனிந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவன்தானா அந்த இருமல்காரன்? கதவைத் தட்டினது இவளா? எனக்கு மனப்பாடமான படம். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

எல்லோரும் போன பிறகு தட்டு கழுவினேன். யாரும் சொல்லாமலே கழுவினேன். மனசு நிறைந்திருந்தது.

"அந்த மகானுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். அவர் இல்லேன்னா இந்த நாள் எனக்குக் கிடைச்சிருக்காது" என்றேன். "பேரு நாக்கு நுனியிலேயே நிக்குது, வரமாட்டேங்குது. என்ன பேரு அவருக்கு?"

அவள் நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"இன்னும் வைக்கலீங்க. அடுத்த ஞாயிறு அவர் தம்பிக்குப் பிறந்தநாள். ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்களே ஒரு நல்ல பேரா வெச்சிடுங்க."