படத்தில் இருப்பவர் இறக்கவில்லை

கார்த் தெரு, க்ரிம்ஸ்பி
19 நவம்பர் 1998

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஹோல்ராய்ட் ஐயா அவர்களுக்கு,

டோரீன் ஸ்டப்ஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை, அதைப் பற்றித்தான் கடிதம். பதினைந்து வயதில் மீன் வெட்டப் போனவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் பிழையை நான் பொறுத்துக்கொள்வதாக இல்லை.

போன வெள்ளிக்கிழமை உங்கள் பேப்பரில் ஏழாம் பக்கத்தில் என் வீட்டுக்காரர் இறந்த செய்தி போட்டிருந்தீர்கள். 'ரிக்கி டேன் மறைவு, டைட்மார்க்ஸ் குழுவின் பாடகர்' என்று. ரிக்கி டேன் என்பது லண்டன் மேனேஜர் வைத்த பேர். வில்ஃப் ஸ்டப்ஸ் என்று ஒருத்தன் வந்து பாடினால் எந்தப் பெண்ணும் அலற மாட்டாள் என்றாராம் அவர். நானும் அலறவில்லை, கல்யாணம்தான் பண்ணிக்கொண்டேன். செய்தி சரியாகவே இருந்தது. 1964-ல் ஒரே ஒரு பாட்டு இருபத்தாறாம் இடம் வரை போனது, டெலிவிஷனில் ஒரு தடவை வந்தது, அப்புறம் கடற்கரை விடுமுறை முகாம்களில் பாடினது, அப்புறம் எங்கள் ஊர் கிளப்பில் பாடிக்கொண்டே பகலில் துறைமுகத்தில் ஐஸ் அள்ளினது, எல்லாம் எழுதியிருந்தீர்கள். ஐஸ் அள்ளினதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது இருபத்தொன்பது வருஷம். போகட்டும். படம்தான் தப்பு.

உங்கள் ஆள் என்னிடம் வாங்கிப்போன, நாலு பேர் நிற்கிற படத்தில் 'இடமிருந்து இரண்டாவது' என்று ஒரு தலையைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறீர்கள். அது லெஸ் பிக்கரிங், டிரம்ஸ் அடித்தவர். எங்களுக்கு நாலு வீடு தள்ளி உயிரோடு இருக்கிறார். நாலு பேருக்கும் ஒரே கிராப்பு, ஒரே கோட்டு, அது உங்க குத்தமில்லை. ஆனா படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டுட்டீங்க, அதான் வில்ஃப் நின்ன இடத்துக்கு லெஸ் வந்துட்டாரு. இவளுக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அந்த நாலு கோட்டுக்கும் பட்டன் வச்சவ நான். வில்ஃப் கோட்டுல மட்டும் மூணாவது பட்டனை வேணும்னே லேசாத் தைச்சேன், அறுந்தா திரும்பி வரட்டும்னு. வந்தாரு. உங்க பேப்பர்ல நாலு பேரும் பொம்பளை கோட்டு மாதிரி எதிர்ப்பக்கம் பட்டன் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க.

அன்னைக்கே உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு.

"படத்துல இருக்கிறவர் இறக்கலைம்மா."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்."

"செத்தது என் வீட்டுக்காரர்."

"மரண அறிவிப்புக்கு வேற நம்பருங்க."

சனிக்கிழமை லெஸ் கறிக்கடைக்குப் போயிருக்காரு. கடைக்கார பிரெண்டா கையில இருந்த தட்டைக் கீழ போட்டுட்டா. "லெஸ், நீங்க போயிட்டதா பேப்பர்ல போட்டிருக்கே."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே. கால் கிலோ ஈரல் போடு."

அதோட நிக்கலை. அறுபத்துநாலுல அலறின பொம்பளைங்கல்லாம் இப்ப பாட்டிங்க, ஹல்லுல இருந்தும் லிங்கன்ல இருந்தும் பஸ் ஏறி வந்து, உங்க பேப்பரைக் காட்டி இந்த ஆள் வீடு எதுன்னு கேக்குறாங்க. தெருக்காரங்க அந்த முகத்தைப் பாத்து லெஸ் வீட்டைக் காட்டி விட்டுடுறாங்க. அவர் வாசல்ல பதினோரு பூங்கொத்து. என் வாசல்ல ரெண்டு பால் பாட்டில்.

ஞாயித்துக்கிழமை கிளப்புல அஞ்சலி வச்சாங்க. உங்க படத்தையே பெருசாக்கி, கறுப்பு ரிப்பன் கட்டி மேடையில வச்சிருந்தாங்க. லெஸ் முதல் வரிசையில தன் படத்துக்குத் தானே தலை குனிஞ்சு நிக்கிறாரு. செக்ரட்டரி சிரில் ஹாட்ச் ஒரு நிமிஷ மௌனம்னாரு. பாதி நிமிஷம்கூட ஆகலை, சமையல்கட்டுல இருந்து குரல் வருது: "கறி பஃப்ஸ் வந்தாச்சு, ஆறிடும், வாங்க." அத்தனை பேரும் எழுந்து வரிசையில போய் நின்னுட்டாங்க.

முப்பது வருஷமா இதே கதைதான் ஐயா. வில்ஃப் அந்த ஒரே பாட்டுல உச்சிக்குப் போற இடத்துல சரியா கறி பஃப்ஸ் வரும். அவர் கோவிச்சுக்கிட்டதே இல்லை. மைக்கைப் பிடிச்சுக்கிட்டே நிப்பாரு, எல்லாரும் தட்டோட வந்து உக்காந்ததும் விட்ட சொல்லுல இருந்து ஆரம்பிப்பாரு. அன்னைக்கும் எல்லாரும் தட்டோட வந்து உக்காந்தாங்க. நான் மேடையைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

ஆகவே ஐயா, நான் கேட்பது ஒன்றுதான். அவர் முகம் பேப்பரில் வந்து முப்பத்துநாலு வருஷம் ஆகிறது. இனிமேல் வருவதற்கு வேறு காரணமும் கிடையாது. படத்தைத் திருப்பிச் சரியாகப் போட்டு, சரியான தலைக்கு வட்டம் போட்டு, இவர்தான் வில்ஃப் ஸ்டப்ஸ் என்று ஒரு வரி எழுதவும். பட்டனைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். யாருக்காவது ஏதாவது ஆனாலும் சரியான படம் வரட்டும்.

இப்படிக்கு,
டோரீன் ஸ்டப்ஸ்

பி.கு.: ஸ்டாம்பு ஒட்டினதுக்கு அப்புறம் உறையைப் பிரிச்சு எழுதுறேன். மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். லெஸ் இப்பத்தான் போனாரு. அஞ்சு நாளா சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைத் தட்டி, "உனக்கு வந்தது டோரீன், தப்பா என் வீட்டுல இறக்கிட்டாங்க"ன்னு ஒரு பூங்கொத்து மட்டும் கொண்டுவர்றாரு. மொத்தத்தையும் ஒரே நாள்ல கொண்டுவர மாட்டேங்கிறாரு. வில்ஃப் நாற்காலியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே அந்தப் பாட்டுக்கு மேஜையில விரலால தாளம் போடுவாரு. கறி பஃப்ஸ் வர்ற இடத்துல நிறுத்திக் காத்திருப்பாரு. விட்ட சொல்லுல இருந்து நான் பாடுவேன், எனக்குக் குரலே கிடையாது. நீங்க திருத்தம் போட்டா பூவெல்லாம் நேரா என் வீட்டுக்கே வந்துடும். அப்புறம் அவர் எதுக்கு வரப்போறாரு. படத்தை மட்டும் திருப்பி அனுப்பிடுங்க.