எண்ணெய் அண்ணாச்சி சட்டை போட்ட நாள்

தென்காசி வட்டாரத்திலேயே கூச்சம் அதிகமுள்ள மனிதர் யார் என்று யாராவது கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு எண்ணெய் அண்ணாச்சி என்பேன். அவர் ஆயுளில் பெரும்பகுதியை ஒற்றைக் கோமணத்தோடு கழித்தவர் என்பது வேறு விஷயம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஓர் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. மேலகரத்தில் அண்ணாச்சி வீட்டு மாடிக்குக் குடிபோனேன். கீழே அவரும் அவர் மனைவி மதினியும் மட்டும். முதல் நாள் கதவைத் தட்டியபோது, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் மினுங்க, ஆறடி உயரத்தில் ஒருவர் வந்து திறந்தார். குளிக்கப் போகிற நேரத்தில் வந்து தொந்தரவு கொடுத்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டேன். மறுநாளும் அதே கோலம். அதற்கு மறுநாளும் அதே. மனிதர் எந்நேரமும் குளிக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரியச் சில நாள் ஆயிற்று.

சூட்சுமம் எண்ணெயில் இருந்தது. சாரல் காலத்தில் உடம்பெல்லாம் எண்ணெயோடு கோமணம் கட்டிக் குற்றாலம் ரோட்டில் நடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வக்கீலும் நடப்பார், வண்டிக்காரரும் நடப்பார். அதே ஆள் எண்ணெய் இல்லாமல் நடந்தால் ஊர் கூடிவிடும். எழுதாத இந்தச் சட்டத்தை ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதை வருஷம் முழுவதற்கும் நீட்டித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒரு தரம் தென்காசி பஜாரில் புதிதாக வந்த போலீஸ்காரர் அவரை மறித்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இந்தக் கோலத்துல எங்க போறீரு?"

"குளிக்கப் போறேன்."

"அருவி அந்தப் பக்கம்லா இருக்கு. நீரு இந்தப் பக்கம்லா போறீரு?"

"எண்ணெய் ஊறணும்லா? ஊறுத வரைக்கும் நடக்கேன்."

போலீஸ்காரர் அவர் தோளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் எண்ணெய் ஒட்டியது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வழியை விட்டுவிட்டார்.

பிறத்தியார் விஷயத்தில் மட்டும் அண்ணாச்சி மகா கண்டிப்பு. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு வாலிபன் அந்தக் காலத்துக் குழாய் பேண்ட் போட்டுக்கொண்டு எதிரே வந்தான். அண்ணாச்சி சட்டென்று கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். "ஏலே, காலு ரெண்டும் அப்படியே தெரியுது. பொம்பளைப் புள்ளைய நடமாடுத ரோடுல்லா இது" என்று கோமணத்தோடு நின்று அதட்டினார். பையன் அரண்டு போய் அடுத்த கடைக்குள் நுழைந்துவிட்டான்.

இப்படிப்பட்டவர் வீட்டில் நான் நிம்மதியாக இருந்தபோதுதான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆடி கழிந்ததும் பெண்ணைக் கொண்டுவந்து விடுவதாக மாமனார் எழுதினார். முதலில் வீட்டைப் பார்ப்பாராம், திருப்தியாக இருந்தால்தான் மகளை விடுவாராம். என் மாமனார் மெட்ராஸில் ஹெட் கிளார்க். தூங்கும்போதுகூடக் கழுத்துப் பொத்தானைக் கழற்றாதவர். மேல்சட்டை இல்லாமல் சாப்பிட உட்கார்ந்தான் என்பதற்காகத் தம் தம்பியோடு பேச்சையே நிறுத்திக்கொண்டவர்.

அண்ணாச்சியிடம் போய்க் கெஞ்சினேன். "ஒரே ஒரு நாள் சட்டை போட்டுக்குங்க அண்ணாச்சி. இல்லேன்னா அவர் பொண்ணை விடமாட்டார்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கூச்சமா இருக்குமே தம்பி. நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாவ?" என்றார். தோளில் வழிந்த எண்ணெயைத் தடவிவிட்டுக்கொண்டார். "சரி, அந்தப் புள்ள ஒங்ககூட வந்து இருக்கணும்லா. போடுதேன்" என்றார்.

அந்த நாள் வந்தது. மாமனார் மகளைத் தென்காசியில் உறவினர் வீட்டில் இறக்கிவிட்டு, தனியாக வருவதாக ஏற்பாடு. எண்ணெயை அரப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, தலையைப் படிய வாரி, என் சட்டைக்குள் அண்ணாச்சியை நுழைத்தேன். மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். உடனே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். "தம்பி, யாரோ வந்திருக்காவ. அவுக வெளிய போயிருக்காவன்னு சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாவம், அண்ணாச்சி நொறுங்கிப்போனார். "எல்லாரும் என்னையே பாக்குத மாதிரி இருக்கு தம்பி. பொத்தான் பூரா வெளிய தெரியுது" என்று இரண்டு கையாலும் பொத்தான்களை மறைத்துக்கொண்டார். மாமனார் உள்ளே நுழைந்தபோது அவர் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்து, தலையைக் குனிந்து, மார்பைப் பொத்தியபடி நின்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் தரையைப் பார்த்து முனகினார். மாமனார் ஓர் அடி முன்னால் வந்தார், அண்ணாச்சி கொல்லைப்பக்கம் ஓடியே போய்விட்டார்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியில் குளிக்காமல் போவதா என்று குதிரைவண்டியில் குற்றாலம் கிளம்பினோம். வண்டியில் மாமனார் தீர்ப்புச் சொன்னார். "வீடு நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. வீட்டுக்காரன் சரியில்லை. என்னமோ திருடிட்டு நிக்கிறவன் மாதிரி முழிக்கிறான். என் பொண்ணை அங்கே விடமாட்டேன், நாளைக்கே திருப்பிக் கூட்டிட்டுப் போறேன்." எனக்கு அழுகை வராத குறை. கல்யாணமாகி அவளோடு சேர்ந்தாற்போல ஒரு வாரம் இருந்ததில்லை.

பேரருவியில் அன்று நல்ல தண்ணீர். கூட்டம் முழுக்கக் கோமணமும் எண்ணெயுமாகப் பளபளத்தது. நடுவில் மாமனார் பனியனும் முழங்கால் டிராயரும் போட்டு, மேலே துண்டும் போர்த்தி நின்றார். எல்லாரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், "பனியனுக்குத் தேய்க்கணுமா, ஒங்களுக்குத் தேய்க்கணுமா?" என்று கேட்டார். மாமனார் கூசிப்போய்க் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பனியனைக் கழற்ற மட்டும் கை வரவில்லை.

அப்போது கணீரென்று ஒரு குரல். "கழத்துங்கய்யா. இங்கன ஒருத்தரும் ஒருத்தரைப் பாக்க மாட்டாவ. எல்லாருக்கும் கண்ணுல எண்ணெய் எரியுது."

அண்ணாச்சிதான். கொல்லைவழியாக ஓடியவர் சட்டையை உதறிவிட்டு நேரே அருவிக்கு வந்து, எண்ணெயும் கோமணமுமாகப் பழைய ஆறடிக்கு நிமிர்ந்து நின்றார். போய்விடும்படி நான் கண்ஜாடை காட்டினேன், அவர் கவனிக்கவே இல்லை. மாமனார் சின்னப்பிள்ளை மாதிரி பனியனைக் கழற்றினார். உள்ளே மார்பு வாழைத்தண்டு போல வெளுத்திருந்தது. அண்ணாச்சி அவரை உட்காரவைத்துத் தாமே எண்ணெய் தேய்த்து, கையைப் பிடித்து அருவிக்குள் கூட்டிப்போனார். தண்ணீர் தலையில் விழுந்ததும் மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கரையேறியதும் என் காதோரம் சொன்னார். "என்ன கம்பீரமான மனுஷன் மாப்பிள்ளை. கண்ணைப் பார்த்துப் பேசுறார். இவர் வீட்டுல ஒரு போர்ஷன் கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்களேன்."

"அவர்தான் மாமா நம்ம வீட்டுக்காரர்."

மாமனார் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார். "காலையில ஏன் அப்படி நின்னார்?"

"சட்டை போட்டிருந்தார். கூச்சம்."

"யார் போடச் சொன்னது?"

"நான்தான், உங்களுக்குப் பயந்து."

மாமனார் குனிந்து, ஈரம் சொட்டுகிற தம் வெறும் உடம்பைப் பார்த்துக்கொண்டார். "சாயங்காலம் பொண்ணைக் கூட்டிட்டு வரேன். அவரை இப்படியே இருக்கச் சொல்லுங்க" என்றார்.

அன்று மாலை அந்த மாடியில் எங்கள் குடித்தனம் தொடங்கியது. அதன் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வீடு. எங்களுக்கு நல்லது செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் மனைவி என்னோடு வந்து இருக்க வேண்டும் என்பதற்காக, கூனிக் குறுகி, வெட்கத்தை விட்டுச் சட்டை போட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.