தேவையற்றதை அடித்துவிடவும்

மனநல ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த எழுத்தரை எல்லோரும் 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. படிவங்களில் 'ஆண் / பெண்', 'ஆம் / இல்லை' என்று போட்டு, பக்கத்தில் 'தேவையற்றதை அடித்துவிடவும்' என்று அச்சடித்திருப்பார்கள் அல்லவா? மற்றவர்கள் அதைக் கோழிக் கிறுக்கலாக அடிப்பார்கள். இவர் ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை வைத்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பாக இழுப்பார். ஒருமுறை தணிக்கைக்கு வந்த அதிகாரி அந்தக் கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அப்படிப்பட்ட மனிதர், சொந்தத் தங்கையின் படிவத்தில் தப்பான வார்த்தையை அடித்துவிட்டார்.

தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். வாய்த் துடுக்கு ஜாஸ்தி. வீட்டில் அவள் பேச்சுக்குப் பயந்தே ஸ்கேல் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடுவார். அப்படிப்பட்டவள் பதினோரு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். குளி என்றால் குளிப்பாள், சாப்பிடு என்றால் இரண்டு வாய் சாப்பிடுவாள். மூன்று டாக்டர் மாற்றியாயிற்று, ஐந்து வகை மாத்திரை கொடுத்தாயிற்று.

"மனசுக்கு என்னம்மா பண்ணுது?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலைண்ணா. அதுதான் பிரச்சினை."

ஸ்கேல் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

நிலையத்தில் இந்த நோய்க்கு ஒரு புது மருந்து ஆராய்ச்சி நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்தது. முப்பது பேருக்குத்தான் இடம். இருபத்தொன்பது நிரம்பிவிட்டது. ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி முப்பதாவது இடத்தை வாங்கினார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். "போய்த்தான் பாப்போமே" என்று தங்கையும் சொல்லிவிட்டாள். பதினோரு மாதத்தில் அவளாக எதற்காவது சரி என்றது அது ஒன்றுக்குத்தான்.

படிவத்தின் பதினான்காவது வரி இப்படி இருக்கும்: 'விண்ணப்பதாரருக்குச் சுயநினைவு: உண்டு / இல்லை. தேவையற்றதை அடித்துவிடவும்.' அதற்கு முந்தின வாரம் ஸ்கேலை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றாள் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே வருகிறவர்கள் ஸ்ட்ரெச்சரில் வருவார்கள். ஒரு வாரம் முழுக்க 'உண்டு' என்பதையே அடித்து அடித்துக் கை பழகிவிட்டது. திங்கட்கிழமை தங்கையின் படிவத்திலும் அதையே அடித்தார். அடித்ததைக் கவனிப்பதற்குள் முத்திரை விழுந்து, எண்ணும் போட்டாகிவிட்டது.

டாக்டரம்மாவிடம் ஓடினார். "இதென்ன பெரிய விஷயம், திருத்திட்டு உங்க தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க" என்றார் அவர். டாக்டர்களுக்கு மருத்துவம் தெரியும், அலுவலகம் தெரியாது.

கண்காணிப்பாளருக்குத் தெரியும். நல்ல மனிதர். கோப்பைத் தவிர வேறு எதையும் நம்பி மோசம் போகாதவர்.

"திருத்தத்துக்கு யார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

"விண்ணப்பதாரர், சார்."

"அவங்களுக்குச் சுயநினைவு இருக்கா?"

"இருக்கு சார்."

"கோப்புப்படி?"

"இல்லை சார்."

"திருத்தத்திலயும் சரி, ஆராய்ச்சிச் சம்மதத்திலயும் சரி, சுயநினைவு இல்லாதவங்க போடுற கையெழுத்து செல்லுமா?"

"செல்லாது சார். ஆனா அவ என் தங்கச்சி சார். காலையிலகூட என்கிட்ட பேசினா."

"நான் அவங்களைச் சொல்லலைப்பா. கோப்பைச் சொல்றேன்."

ஆனாலும் கண்காணிப்பாளர் கைவிடவில்லை. இம்மாதிரி சந்தேகங்களைத் தீர்ப்பதற்கென்றே நிலையத்தில் 'உணர்வுநிலைத் தத்துவ ஆலோசனைப் பிரிவு' என்று ஒன்று இருப்பதை நினைவுபடுத்தி, கோப்பை அங்கே அனுப்பினார்.

அந்தப் பிரிவு வந்த கதை சின்னதுதான். இயக்குநர் இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனார். போன இடத்தில் பெரிய நிலையங்களில், உணர்வுநிலை என்றால் என்ன என்று யோசிப்பதற்கே ஆள் வைத்திருப்பதைப் பார்த்தார். நம்மிடம் இல்லையென்றால் கௌரவம் என்ன ஆவது? அதற்கு முந்தின வருடம் அறைக்கு அறை மீன்தொட்டி வைத்த அதே வேகத்தில், ஓர் அறையிலிருந்து நாற்காலிகளை அப்புறப்படுத்தி, தரையில் திண்டு போட்டு, விளக்கை மங்கலாக்கி, மூன்று பேரை உட்கார வைத்தார். இரண்டு வருடத்தில் அந்த அறைக்கு ஒரு கோப்புகூட வந்ததில்லை. ஸ்கேல் கோப்போடு நுழைந்ததும் மூன்று பேரும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை விசாரணை. தங்கை தலையை வாரிக்கொண்டு வந்தாள். தலைமை ஆலோசகர் அவளை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நீங்க இருக்கீங்களா?"

"வந்திருக்கேனே."

"வந்திருக்கிறது தெரியுது. உள்ள யாராவது இருக்காங்களான்னு கேக்கறேன்."

"நான்தான் இருக்கேன்."

"சுயநினைவே இல்லாத ஓர் இயந்திரத்தைச் சரியாப் பழக்கினா அதுவும் இதையேதான் சொல்லும்."

"அப்ப என்ன சொன்னா நம்புவீங்க?"

"நீங்க எதைச் சொன்னாலும் அதுவும் சொல்லுமேம்மா."

ஸ்கேலுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நாளைக்கு அஞ்சு மணிக்குப் பதிவேட்டை மூடிடுவாங்க."

"அஞ்சு மணி என்பதும் ஓர் அனுபவம்தானே" என்றார் இரண்டாவது ஆலோசகர். மூன்றாமவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"சரி, வேற மாதிரி கேக்கறேன்" என்றார் தலைமை ஆலோசகர். "நீங்களா இருக்கிறது எப்படி இருக்கு? அதைச் சொல்லுங்க."

தங்கை திண்டின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "காலையில முழிப்பு வரும். ஐயோ, இன்னைக்கும் முழிச்சிட்டோமேன்னு இருக்கும். அப்புறம் தூங்கற வரைக்கும் அது மட்டும்தான்."

ஸ்கேலுக்கு நெஞ்சை அடைத்தது. இதை அவள் அவரிடம்கூடச் சொன்னதில்லை. அவள் பார்த்துப் படுத்துக் கிடக்கிற சுவருக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம்.

தலைமை ஆலோசகர் பரபரவென்று எழுதி, உரக்கப் படித்தார். "'வேதனை இருப்பதாகத் தெரியவருகிறது. அது யாருக்கு என்பது நிரூபணமாகவில்லை.' சரியா இருக்காம்மா?"

தங்கை தலை நிமிர்ந்தாள். பதினோரு மாதமாக எங்கேயோ போயிருந்த பழைய வாய் ஒரு நிமிஷம் திரும்பி வந்தது.

"உங்களுக்கு இருக்கா சார்?"

"எது?"

"சுயநினைவு."

"இருக்கு. அதுல என்ன சந்தேகம்?"

"கோப்புல இருக்கா?"

அறையில் இருந்த மற்றவர்களுக்கு அது குசும்பாகப் பட்டிருக்கும். ஸ்கேலுக்கு அப்படிப் படவில்லை. பத்தொன்பது வருட அனுபவம் அவரைத் திண்டிலிருந்து தூக்கி நிறுத்தியது. பணியாளர் பிரிவுக்கு ஓடி, மூன்று ஆலோசகர்களின் நியமனக் கோப்புகளையும் கொண்டுவந்தார். அதே படிவம், அதே பதினான்காவது வரி. உண்டு, இல்லை இரண்டுமே அடிக்கப்படாமல் இருந்தன. கோப்புப்படி அவர்களுக்குச் சுயநினைவு உண்டு, இல்லை.

"உண்மையில் இதுதான் மிகச் சரியான நிலைப்பாடு" என்று தலைமை ஆலோசகர் மகிழ்ந்தார்.

விஷயம் காதுக்கு வந்ததும் கண்காணிப்பாளர் மகிழவில்லை. மற்ற கோப்புகளையும் இறக்கச் சொன்னார். இயக்குநர் கோப்பு, டாக்டரம்மா கோப்பு, காவலாளி கோப்பு என்று நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அதே கதைதான். இவர்கள் போட்ட கையெழுத்து எதுவும் செல்லாது என்றால் இதுவரை வந்த உத்தரவு எதுவும் செல்லாது. அதில் அவரைக் கண்காணிப்பாளராக உயர்த்திய உத்தரவும் அடக்கம். அவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் இயக்குநரின் சுற்றறிக்கை வந்தது:

'நிலையத்தின் நிர்வாக நலன் கருதி, மறு உத்தரவு வரும்வரை, இயக்குநர் முதல் காவலாளி ஈறாக அனைவரும் சுயநினைவு அற்றவர்களாகக் கருதப்படுவர். சுயநினைவு அற்றோர் இட்ட கையொப்பங்கள் யாவும் முன்தேதியிட்டுச் செல்லுபடியாகும். வரி பதினான்கில் மாதந்தோறும் "உண்டு" என்பது அடிக்கப்பட வேண்டும். வேறுவிதமாகக் கருதுவோர் ஆலோசனைப் பிரிவின் விசாரணைக்கு உட்பட வேண்டும். இந்த ஏற்பாட்டால் எவருடைய அன்றாடப் பணியும் பாதிக்கப்படாது.'

கடைசி வாக்கியம் சத்தியமான வார்த்தை. ஒருவருடைய பணியும் பாதிக்கப்படவில்லை.

அந்தக் கட்டடத்திலேயே சுற்றறிக்கைப்படி ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்த படிவம் ஒன்றே ஒன்றுதான். கண்காணிப்பாளர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "பாத்துக்கோங்க, இப்படித்தான் இருக்கணும்" என்று பிரிவு முழுக்கக் காட்டினார். நாலு நாற்பதுக்குத் தங்கையின் பெயர் முப்பதாவதாகப் பதிவேட்டில் ஏறியது.

தாழ்வாரத்தில் விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி சுவர்தான். ஒரு சிரிப்பில் சரியாகிற நோயா அது? ஆனால் மருந்து மெல்ல மெல்ல வேலை செய்தது. இரண்டாவது மாதம் ஜன்னலைத் திறந்தாள். மூன்றாவது மாதம், "என்னண்ணா சட்டை இது, துடைக்கிற துணி மாதிரி" என்றாள். ஸ்கேல் அந்தச் சட்டையையே இரண்டு நாள் போட்டுக்கொண்டார். நான்காவது மாதம் கடைக்குப் போக ஆரம்பித்தாள்.

ஆராய்ச்சி முடிந்ததும் நிறைவுப் படிவம் நிரப்ப நிலையத்துக்கு வந்தாள். பதினான்காவது வரி அங்கேயும் இருந்தது. ஸ்கேல் பழக்கதோஷத்தில் ஸ்கேலை எடுத்தார்.

"குடுண்ணா, நானே போடறேன்" என்று பேனாவைப் பிடுங்கி, வெறுங்கையால் 'இல்லை' என்பதைக் கோணல்மாணலாக இரண்டு தடவை அடித்தாள்.

கண்காணிப்பாளர் அதைப் பார்த்துக் கவலைப்பட்டார். "இது சிக்கலாச்சேம்மா. சுற்றறிக்கைப்படி இந்தக் கட்டடத்துக்குள்ள 'உண்டு'ன்னு யாரும் இருக்கக் கூடாது."

"அதான் கிளம்பறேன் சார்" என்றாள். போகிற போக்கில் அண்ணனிடம், "சாயங்காலம் கடைப் பக்கம் வாண்ணா, உன் கண்ணைச் சோதிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாதக் கடைசி. ஊழியர்களின் படிவங்கள் மேசையில் அடுக்கியிருந்தன. நானூற்றுப் பதினொரு பேரும் முதல்நாளே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். பதினான்காவது வரியை ஒருவரும் படித்த மாதிரி தெரியவில்லை. ஸ்கேல் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தார். குளியலறைக் குழாய் ஞாபகம் வந்தது. அந்தத் திண்டு அறையில் நெஞ்சை அடைத்தது ஞாபகம் வந்தது. அது யாருக்கு அடைத்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஸ்கேலை மெதுவாக 'இல்லை' பக்கம் நகர்த்தினார்.

"என்ன யோசனை?" என்றார் எதிர் மேசையிலிருந்து கண்காணிப்பாளர். "அப்புறம் விசாரணைக்குப் போகணும். திண்டுல உக்காரணும். உங்க முட்டி தாங்காது."

"இல்லை சார், சும்மாதான். எதை அடிக்கணும்னு..."

"போன மாசம் எதை அடிச்சீங்களோ அதையே அடிங்க."

ஸ்கேல் மூச்சை அடக்கி 'உண்டு' என்பதை அடித்தார். கோடு வழக்கம்போல நேராக இருந்தது.