அக்கா படிக்கக் கூடாத பக்கம்

"அக்காவை எடுத்துடும்மா" என்றார் எக்ஸ்ரேகாரர்.

அச்சகத்தில் டைப் செய்யும் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். "எங்கேருந்து சார்?"

"புத்தகத்துலேருந்துதான்."

"பாதிப் புத்தகம் அவங்கதானே சார்! எடுத்துட்டா நோட்டீஸ்தான் மிஞ்சும்."

நியாயமான பேச்சு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையிலேயே ஆயுசில் பாதியைக் கழித்து ஓய்வுபெற்றவர் அவர். 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று தலைப்பு வைத்துத் தன் கதையை எழுத ஆரம்பித்து, பயந்து கிழித்து, மறுபடி எழுதி, மறுபடி கிழித்து, கடைசியில் மனைவியின் திட்டுக்குப் பயந்து முடித்துவிட்டார். அச்சுக்குப் போகிற நேரத்தில் மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் ஒரே ஒரு வரி. சின்ன வயதில், பொய் சொன்னதற்காக அக்கா அகப்பையால் விளாசிய அன்று, 'அக்கா செத்துப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்' என்று எழுதியிருந்தார்.

அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள் அக்கா. இன்றைக்கும் அவள் போனில் கூப்பிட்டால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"அந்த வரியை மட்டும் எடுத்துடலாமே?" என்றாள் அந்தப் பெண்.

"எடுத்துப் பார்த்தேன்மா. மிச்சம் எல்லாமே பொய் மாதிரி இருக்கு."

"அப்போ அக்காவை வேற யாராவது ஆக்கிடுவோம். ஒரே தட்டு, எல்லா இடத்துலயும் மாறிடும். யாரைப் போடட்டும்?"

எக்ஸ்ரேகாரர் கூரையைப் பார்த்து யோசித்தார். "பக்கத்து வீட்டம்மான்னு போடு."

தட்டினாள். மாறிவிட்டது.

அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டில் உண்மையாகவே ஓர் அம்மா குடியிருப்பது அவர் நினைவுக்கு வரவே இல்லை. திருத்தம் பார்ப்பதற்கான பிரதியை அச்சகத்து ஆள் கொண்டுவந்தபோது வீடு பூட்டியிருந்தது. அவன் அதை ரொம்பப் பொறுப்பாகப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டம்மா தாள்கட்டோடு நின்றார். எக்ஸ்ரேகாரரின் மனைவியைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்.

"'பக்கத்து வீட்டம்மாலத்தில் எங்களிடம் ஒரே போர்வைதான் இருந்தது. பக்கத்து வீட்டம்மாவைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன்.'"

"என்னங்க?" என்றாள் மனைவி. அந்த வார்த்தையை அவள் இவ்வளவு மெதுவாகச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"அது... அக்காலத்தில்! அக்காவை மாத்தினப்போ அக்காலமும் மாறிடுச்சு!"

"இதையும் கேளுங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா. "'பக்கத்து வீட்டம்மா செத்துப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.' கட்டிக்கிட்டுத் தூங்குவாராம், சாகணும்னும் வேண்டிக்குவாராம்!"

"ஐயோ, அது நீங்க இல்லீங்க! எங்க அக்கா!"

"அப்படியா? அவங்ககிட்டயே கேட்டுடறேன். போன தடவை வந்தப்போ நம்பர் குடுத்துட்டுப் போனாங்க."

"வேண்டாம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்..."

அதற்குள் மணி அடித்து, எடுத்து, பேசி, போன் அவர் கைக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"டேய், புத்தகம் போடறியாமே?"

"ஆமாக்கா."

"எடுத்துட்டு வா."

போன் வைக்கப்பட்டது.

"அக்கான்னு இருக்கிறதையே கொண்டுபோங்க" என்றாள் மனைவி. "இதைக் கொண்டுபோனா அந்தத் தெருவுலயும் ஒரு பக்கத்து வீட்டம்மா இருப்பாங்க."

மறுநாள் காலை, அச்சகத்தில் பழைய பிரதியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பாதி வழியில் பயம் தாங்காமல் இறங்கிவிட்டார். நிழற்குடையில் உட்கார்ந்து, போகாவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தார். அது இன்னும் பயங்கரமாக இருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்கட்டை மடியில் வைத்தாள். தாளில் ஒரு பார்வை, கண்ணாடிக்கு மேலாக அவரிடம் ஒரு பார்வை, அடுத்த பக்கம். சின்ன வயதில் அவருடைய வீட்டுக்கணக்கையும் இப்படித்தான் பார்ப்பாள். "தப்பு இருக்கு, மறுபடி போடு" என்பாள். இருக்கும்.

அந்தப் பக்கம் நெருங்க நெருங்க அவருக்கு நாக்கு வறண்டது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் சட்டை நனைந்தது. அக்கா ஒரு தாளைத் திருப்பினாள். நிறுத்தினாள். அதே பக்கம். விரலை வைத்தாள்.

"என்னடா இது?"

அவ்வளவுதான், அணை உடைந்தது.

"அக்கா, சின்னப் பையன்க்கா நான்... அடிச்ச வலியில நீ செத்துப்போகணும்னு வேண்டிக்கிட்டேன். மறுநாளே நீ காய்ச்சல்ல படுத்துட்டே. நான்தான் உன்னைக் கொல்லப்போறேன்னு பயந்து கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்கிட்டேன். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலை."

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"கட்டிலுக்கடியிலயா இருந்தே? கொதிக்கிற காய்ச்சலோட உன்னைத் தெருத்தெருவாத் தேடினேன்டா, பாவி!"

"எனக்குத் தெரியாதேக்கா."

"இப்போ தெரிஞ்சுதில்ல? அதையும் சேர்த்து எழுது. என்னை வேற யாராவும் ஆக்காதே. போ, அச்சுக்குக் குடு."

எழுந்தபோது மனசு இறகு மாதிரி இருந்தது. வழியனுப்ப வாசல்வரை வந்தாள் அக்காவின் மருமகள்.

"இந்த வயசுலயும் என்ன வேகமாப் படிக்கிறா பார்த்தியாம்மா! இவ்வளவு பெரிய கட்டுல சரியா அந்தப் பக்கத்துல வந்து நின்னுட்டாளே!" என்றார் அவளிடம்.

மருமகள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க மாமா. அத்தைக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. எந்தப் பக்கத்துல உங்க முகம் வெளுக்குதுன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தாங்க."