ஓப்பா ஓப் சம்பந்தி

"இந்தப் பாட்டுல 'புல்வெளி' எத்தனை இடத்துல வருது அண்ணே?" என்று கேட்டான் டியாஸ்.

"ஒரு இடத்துலதான். ஏன்?"

"அதையும் எடுத்துடுங்க. ஆடிக்கிட்டு இருக்கிறவன் புல்வெளின்னு கேட்டா நின்னு யோசிப்பான். ஒருத்தன் நின்னா பின்னாடி வர்றவன் முட்டிக்குவான். விசேஷ வீட்ல எதுக்கு வம்பு?"

கவிஞர் எர்சாயினுக்குக் காது மடல் சிவந்தது. கஜகஸ்தானின் தராஸ் நகரத்தில் மூன்று கவிதைத் தொகுப்பு போட்டவர் அவர். விற்றது போக மீதி கட்டிலுக்கு அடியில் இருந்தது. கட்டில் ஆடாமல் நிற்பதே அதனால்தான் என்பது அவர் மனைவியின் கருத்து. ஊர்ப் பத்திரிகையில் வாரம் தவறாமல் இந்தக் காலத்துப் பாட்டுகளைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். "ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதற்குப் பெயர் பாட்டு அல்ல, விக்கல்" என்று எழுதிப் பல பாடகர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். அப்பேர்ப்பட்டவர், விசேஷங்களில் கீபோர்டு வாசித்துப் பாடும் டியாஸ் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாரென்றால், எல்லாம் பெண்ணைப் பெற்ற பாவம்.

அவருடைய ஒரே மகள் ஐசுலுவுக்கு, மரச்சாமான் கடை ஒராசலியின் மகனோடு நிச்சயம் ஆகியிருந்தது. பிள்ளைகளாகப் பார்த்துப் பிடித்துக்கொண்ட சம்பந்தம். கல்யாணம் இலையுதிர் காலத்தில். அதற்குள் ஒராசலியின் அறுபதாம் வயது விழா வந்து நின்றது. சம்பந்தி விழாவுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? மற்றவர்கள் குதிரை கொடுப்பார்கள், கம்பளம் கொடுப்பார்கள். கவிஞர் வீட்டில் என்ன இருக்கிறது, காகிதத்தைத் தவிர? சம்பந்தியைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதி, மேடையில் பாடவைத்துக் காணிக்கையாக்குவது என்று முடிவாயிற்று. நல்ல பாட்டு ஒரு குதிரைக்குச் சமம். மோசமான பாட்டு வாழ்நாள் அவமானம்.

"அப்பா, அவங்க எல்லாரும் வியாபாரிங்க," என்று ஐசுலு முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். "உங்க பாட்டக் கேட்டு அந்தக் கூட்டம் கொட்டாவி விட்டுச்சுன்னா, காலம் பூரா அந்த வீட்ல நான் 'கொட்டாவிக் கவிஞர் மக'தான். பார்த்துக்கோங்க."

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. நிச்சயத்துக்கு அடையாளமாகப் பெண்ணுக்குத் தோடு போட ஒராசலி வந்த அன்றைக்கு நடந்ததை எர்சாயின் மறக்கவில்லை. வியாபாரி வீட்டு மனிதர்களுக்குப் பிடிக்குமே என்று அவர் மனைவி குல்பாஷ், 'போன எடு, போன எடு, ஏன் எடுக்கல, போன எடு' என்ற அந்தப் பிரபலமான அபத்தத்தை ஓடவிட்டிருந்தாள். ஒராசலி உள்ளே வந்து வெகுநேரம் புத்தக அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். 'பலகைக்கு விலை போடுறான் மனுஷன்' என்று எர்சாயின் பல்லைக் கடித்தார். பிறகு ஒராசலி திரும்பி, "பாட்டு நல்லா இருக்கு" என்றார். விருந்தாளி சொல்லிவிட்டாரே என்று எர்சாயினும் தொடையில் தாளம் போட்டுவைத்தார். அதற்கப்புறம் எப்போது பார்த்தாலும் ஒராசலியின் காரில் அதே பாட்டுதான். இந்த ஞானசூனியத்துக்குப் புல்வெளியும் காற்றும் எங்கே புரியப் போகிறது?

ஆகவே புல்வெளி போயிற்று. காற்றும் கூடவே போயிற்று.

"இப்ப சம்பந்தி பேரப் போடுங்க," என்றான் டியாஸ். "மைக்ல பேரக் கேட்டா கூட்டம் கை தட்டும். அது போதும்."

பெயர் ஏறியது. வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டியதும் குல்பாஷ் மோவாயில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? அவருக்கு மூத்தவங்க ரெண்டு பேரு குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. தம்பி பேரச் சொல்லிட்டு அண்ணன விட்டா, தட்டுல இருக்கிற கறிய அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. அப்புறம் கல்யாணம் நடந்த மாதிரிதான்!"

வாஸ்தவம்தானே! சபையில் மூத்தவரை விட்டுவிட்டு இளையவர் பெயரைச் சொல்வதும் கன்னத்தில் அறைவதும் ஒன்று. அண்ணன்மார் இருவரும் பாட்டில் ஏறினார்கள். அண்ணன்கள் ஏறினால் தம்பிகள் தரையில் நிற்பார்களா? அவர்களும் ஏறினார்கள். உயிரோடு இருப்பவர்களைச் சொல்லிவிட்டு முன்னோரை விட்டால் சாபம் என்று, ஏழு தலைமுறைத் தாத்தாக்களும் எழுந்து வந்தார்கள்.

பெயர்களைச் சரிபார்க்க, சம்பந்தியம்மாள் ரௌஷானுக்கு குல்பாஷ் போன் போட்டாள். சும்மா கேட்பதுபோல்தான் கேட்டாள். ஆனால் அவள் வாயில் ரகசியம் தங்கி இருந்தால் அல்லவா!

"பாட்டா? ஐயோ, அவரு கேட்டா பூரிச்சுப் போயிடுவாரே!" என்று ரௌஷான் குதூகலித்தாள். "ஏன் சம்பந்தி, எங்க அண்ணன்மாருங்க பேரெல்லாம் வேணாமா? புள்ளைக்குத் தாய்மாமனுங்க இல்லையா?"

தாய்மாமன்களும் ஏறினார்கள். சாயங்காலம் ஒராசலியின் பெரியண்ணனே எர்சாயினைக் கூப்பிட்டார். "தம்பி, என் பேரு எத்தனாவதா வருது? மாமன்காரனுங்களுக்கு அப்புறம்னா சொல்லிடுங்க, நான் உடம்பு சரியில்லன்னு வீட்லயே படுத்துக்கறேன்."

மறுநாள் டியாஸ் பாட்டை வாங்கி ஒரே மூச்சில் பாடிப் பார்த்தான். பாதித் தம்பிகளைத் தாண்டுவதற்குள் இருமல் வந்துவிட்டது.

"அண்ணே, இத பாட்டுன்னு சொல்லாதீங்க. பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்குற மாதிரி இருக்கு. பேரக் கேட்டவன் எல்லாம் 'உள்ளேன் ஐயா'ம்பான்."

"வேற என்னதான்யா பண்ணச் சொல்ற?" எர்சாயினுக்கு அழுகையே வந்துவிட்டது. "பேரு போட்டா வரிசை தப்புங்கறாங்க. போடலேன்னா மரியாதை இல்லங்கறாங்க. எம்பொண்ணு வாழப்போற வீடுய்யா அது!"

டியாஸ் கீபோர்டில் இரண்டு கட்டையைத் தட்டினான். "பேரே வேணாம். அண்ணன், தம்பி, மாமன், செத்த தாத்தா, எல்லாருமே உங்களுக்குச் சம்பந்தி வழிதானே? 'சம்பந்தி'ன்னு மட்டும் பாடுவோம். எவன் கோவிச்சுக்க முடியும்?"

"மட்டுமா?"

"நடுவுல ஒரு 'ஓப்பா ஓப்' போட்டுக்கலாம். எடுப்பா இருக்கும்."

யோசித்துப் பார்த்தால் அதில் ஓட்டையே இல்லை. எர்சாயின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"எங்க, வாசிங்க பார்ப்போம்," என்றாள் குல்பாஷ்.

"சம்பந்தி, ஏய் சம்பந்தி! ஓப்பா ஓப் சம்பந்தி! சம்பந்தி, ஓய் சம்பந்தி! ஓப்பா ஓப்!"

"தண்ணி கொண்டாரட்டுமா?"

"எதுக்கு?"

"விக்கலுக்கு."

அன்று இரவு எர்சாயின் சாப்பிடவில்லை. காலையில் முதல் வேலையாக டியாஸைப் பிடித்து, அவன் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "உன் காலுல விழுறேன்னு வெச்சுக்க. எழுதுனவன் பேர மட்டும் மேடையில சொல்லிடாத."

"உசுரே போனாலும் சொல்ல மாட்டேன் அண்ணே!"

விழா மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. பெஷ்பர்மாக் கறித் தட்டுகள் ஆவி பறக்க வந்தன. எர்சாயின் பக்கத்து மேஜையில், கேட்பானேன், அவருடைய பத்திரிகை ஆசிரியர். எர்சாயின் நாற்காலியில் தன்னால் முடிந்த அளவு சுருங்கி உட்கார்ந்தார்.

டியாஸ் மைக்கைப் பிடித்தான். "அடுத்து, சம்பந்தி வீட்டுக் காணிக்கை! எழுதுனவரு தன்னடக்கத்தால 'என் பேரச் சொல்லாத'ன்னு என் கையப் பிடிச்சுக் கெஞ்சுனாரு. எவ்வளவு பெரிய மனசு பாருங்க! பேர நான் சொல்லல. அதோ, தூணுக்குப் பக்கத்துல, நீலக் கோட்டு போட்டுக் குனிஞ்சு உட்கார்ந்திருக்காரே, அவருதான்! எந்திரிங்க கவிஞர் எர்சாயின் அண்ணே!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பாட்டு தொடங்கியது. இரண்டாவது 'ஓப்பா ஓப்'பில் பத்திரிகை ஆசிரியருக்குக் கறி தொண்டையில் சிக்கி, நாலு பேர் முதுகில் குத்த வேண்டியதாயிற்று.

ஒராசலி தட்டுக்கு மேல் கையைத் தூக்கியபடி ஒரு நிமிடம் அசையாமல் இருந்தார். 'போச்சு. எம்பொண்ணு வாழ்க்கை போச்சு' என்று எர்சாயின் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, ஒராசலி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, இரண்டு கைகளையும் விரித்து ஆடத் தொடங்கியிருந்தார்!

அடேயப்பா, அவர் ஆடினால் அண்ணன்மார் உட்கார்ந்திருப்பார்களா? பெரியண்ணன் குதித்தார். மாமன்மார் வளைந்து வளைந்து ஆடினார்கள். 'ஓப்பா ஓப்' என்று மண்டபமே அலறியது. பாட்டு முடிந்ததும் ஒராசலி, "இன்னொரு தடவை!" என்று கத்தினார். அது முடிந்ததும் மறுபடியும். இடையில் ஓடிவந்து எர்சாயின் தோளில் ஒரு ஜரிகை அங்கியைப் போர்த்தி, இறுக்கி அணைத்துவிட்டு, திரும்பவும் ஆடப் போய்விட்டார்.

"அப்பா, கலக்கிட்டீங்க!" ஐசுலு முகமெல்லாம் சிரிப்பாகக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

எர்சாயினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு வெட்கமும் இருந்தது. கவிதை செத்தால் சாகட்டும், மகள் பிழைத்தாள் அல்லவா? 'பாமர ஜனங்களுக்கு இது போதும்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு, முதல் முறையாக நிம்மதியாக ஒரு வாய் கறியை எடுத்து வைத்தார்.

அப்போது ரௌஷான் மூச்சிரைக்க அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"சம்பந்தி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லுங்க. அவருக்கு முட்டி தேஞ்சு கெடக்கு, ஆடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஆசையா ஆடுறாரே, பாட்டு அவ்வளவு பிடிச்சுப்போச்சு போல!" என்றார் எர்சாயின் பெருமையோடு.

"பிடிச்சுதா? உங்க மூணு புஸ்தகத்தையும் வரி விடாம ஒப்பிக்கிற மனுஷன், தனக்கே ஒரு கவிதை வரப்போகுதுன்னு ராத்தூக்கம் இல்லாம காத்துக்கெடந்தாரு. இப்ப, 'கவிஞருக்கு நெசமா இந்த மாதிரிப் பாட்டுதான் பிடிக்கும்போல ரௌஷான், நாம ஆடலேன்னா அவரு மனசு ஒடிஞ்சுரும்'னு பல்லக் கடிச்சுக்கிட்டு ஆடுறாருங்க!"