அலைத்திட்டில் யார் யாருடைய ஆள்

மற்ற அரசுகள் எல்லாம் கிழடுதட்டிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த காலத்தில், கடல் ஒதுக்கிய மணலின்மேல் அலைத்திட்டு என்றொரு புத்தம் புது அரசு முளைத்தது. அதற்குக் கோட்டை கிடையாது, கொடி கிடையாது. ஓர் ஓலைக் கொட்டகை இருந்தது. அதற்குள் பொழிலன் என்ற அரசர் இருந்தார், வெளியே நாங்கள் இருந்தோம்.

அந்த நாளில் ஆணை என்றால் கூவல்தான். விடிந்ததும் அரசர் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூவுவார். "ஏலே மாசிலா, வலையக் காயப்போட்டுட்டுக் கெணத்தடிக்கு வா." தன் பெயர் கூவப்படாத அன்று எங்களில் ஒருவருக்கும் சோறு இறங்காது. நாங்களும் சும்மா இருக்க மாட்டோம். கூரை ஒழுகினால், "பொழிலா, வந்து பாருய்யா" என்று திருப்பிக் கூவுவோம். வருவார். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கயிற்றைப் பிடிப்பார். அப்படி ஒரு திட்டுக்கு நான் இன்றைக்கும் ஏங்குகிறேன்.

துறைமுகம் வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஆனால் கடலுக்கடியில் பாறை. கலங்கரை விளக்கம் வேண்டும், அதற்குக் கண்ணாடி தேய்க்கத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. வடகடலுக்கு அப்பாலிருந்து ஒர்மான் என்ற கண்ணாடிக்காரர் வந்தார். கண்ணாடி தேய்த்தார், விளக்கேற்றினார், போகிற போக்கில் எங்கள் குயிலியைக் கல்யாணமும் செய்துகொண்டார். காலைக் கூவலில் அவர் பெயர் அரசர் வாயில் படாத பாடு பட்டது. அவர் சிரித்துக்கொண்டே ஓடி வருவார்.

அப்போதுதான் அமைச்சர் சாசனமூர்த்தி வந்து சேர்ந்தார். ஏதோ ஒரு மூத்த அரசு வேண்டாம் என்று அனுப்பியவர்.

"அரசே, அயல்நாட்டாரை நேரடியாக வேலைக்கு வைக்கக் கோட்டையுள்ள அரசுக்கே உரிமை உண்டு. நம்மிடம் இருப்பது கொட்டகை. கடலுக்கு அக்கரையில், பிற அரசுகளுக்காக ஆள் வைத்துத் தரும் இடைமாளிகை என்று ஒன்று உண்டு. எல்லா நாட்டிலும் அதற்கு வாசல் உண்டு. ஒர்மான் அவர்களுடைய ஆளாக இருக்கட்டும். வேலை மட்டும் நமக்குச் செய்யட்டும்."

"அவ்வளவுதானே?" என்றார் அரசர்.

"அவ்வளவேதான். ஆனால் இனி அவரைத் தாங்கள் கூவலாகாது. கூவினால் ஆணை. ஆணையிடுபவர் எஜமானர். எஜமானர் இடைமாளிகை."

அன்றுமுதல் விளக்கேற்றச் சொல்லும் ஆணை படகேறி அக்கரை போய், அங்கே முத்திரை வாங்கித் திரும்பி வந்தது. இன்று மாலை ஏற்று என்ற ஆணை வந்து சேரும்போது அந்த மாலை என்றைக்கோ போயிருக்கும். ஆணையில்லாமல் ஏற்றினால் அதுவும் குற்றம். விளக்கு எரியாத ஓர் இரவில் மாசிலாவின் படகு பாறையில் மோதி உடைந்தது. பாராட்டும் ஒருவகை ஆணையே என்று அடுத்த சட்டம் சொன்னது. அதற்குப் பிறகு வழியில் ஒர்மான் எதிர்ப்பட்டால் அரசர் காக்கையைப் பார்க்க ஆரம்பித்தார். திட்டில் காக்கையே கிடையாது.

ஆனாலும் அரசருக்கு இதில் ஒரு சுகம் தெரிந்துவிட்டது. ஒர்மானின் கூரை ஒழுகியபோது அரசர் போய்க் கயிறு பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒருவருக்கு எஜமானராக இல்லாததிலேயே இவ்வளவு நிம்மதி என்றால், எல்லோருக்கும் இல்லாமல் இருந்தால்?" என்று அமைச்சரைக் கேட்டார்.

"அதுவே நல்லாட்சி, அரசே."

திட்டில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் இடைமாளிகையின் ஆட்களானோம். காலைக் கூவல் நின்றது. கிணறு தூர்ந்துபோனபோது கொட்டகை வாசலில் நின்று கத்தினோம். அமைச்சர் வெளியே வந்தார். "உங்கள் குறை நியாயமானது. ஆனால் அதைக் கேட்கும் தகுதி அரசருக்கு இல்லை. அக்கரைக்குப் போய் உங்கள் எஜமானரிடம் சொல்லுங்கள்" என்றார். உப்புத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சினோம்.

பிறகு ஒரு முற்பகலில் இடைமாளிகையின் பெரிய படகு கரை தட்டியது. வேறொரு அரசுக்குக் கண்ணாடிக்காரர் தேவையாம், ஒர்மான் கிளம்ப வேண்டுமாம். எந்த நாடு என்று சொல்லவில்லை, திரும்பி வருவாரா என்றும் சொல்லவில்லை. ஊரே கரையில் கூடியது. அரசரும் வந்தார்.

குயிலி அவர் முன்னால் போய் நின்றாள். நிறைமாதம் அவளுக்கு.

"ராசா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். இவன் என் ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவே ஆணைன்னு உங்க சட்டந்தான சொல்லுது. அவரு இங்கயே இருந்துக்குவாரு."

அரசருக்கு வாய் திறந்தது. ஒர்மான் என்ற பெயர் அவர் உதட்டுவரை வந்ததை நான் பார்த்தேன். படகின் பலகையில் கால் வைத்திருந்த ஒர்மானும் பார்த்தார்.

"அரசே," என்றார் அமைச்சர், "இன்று ஒருவருக்குச் சொன்னால் நாளை எல்லோரும் கேட்பார்கள். கிணற்றையும் சேர்த்துக் கேட்பார்கள்."

அரசர் வாயை மூடிக்கொண்டார். அமைச்சர் பக்கம் திரும்பினார். "நாம் அவருக்கு வாழ்த்துச் சொன்னதாக, இடைமாளிகை மூலம் அவருக்குத் தெரிவிக்கச் சொல்லும்."

குயிலி அழவில்லை. "அப்ப நானும் அந்த மாளிகை ஆளுதான்" என்றாள். யாரையும் கேட்காமல் படகில் ஏறிப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தடுக்கச் சட்டம் இல்லை.

மாசிலா கொஞ்சம் யோசித்தார். "எம் படகு விசயத்த எசமான்கிட்டச் சொல்லணும்ல" என்று அவரும் ஏறினார். கிணற்றைப் பற்றிச் சொல்ல அடுத்த வீட்டுக்காரர்கள் ஏறினார்கள். கூரையைப் பற்றிச் சொல்ல நான் ஏறினேன். கரை காலியாகிக்கொண்டே வந்தது.

"சாசனமூர்த்தி, என் மக்கள் எங்கே போகிறார்கள்?" என்று அரசர் கேட்டது படகுவரை கேட்டது.

"அவர்கள் தங்கள் மக்கள் அல்லவே, அரசே" என்றார் அமைச்சர். சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் வந்து ஏறினார். எல்லோரையும் மாற்றிய சட்டத்தில் அவர் பெயரும் இருந்தது.

படகு நகர்ந்தது. வெற்று மணலில் தனியாக நின்று அரசர் கையை ஆட்டினார். எனக்கும் கையை ஆட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் யாருக்கு ஆட்டுகிறார் என்று தெரியவில்லை. சட்டப்படி அது எங்களுக்காக இருக்க முடியாது.